கடவுளோடு கோபித்துக்கொண்டவன்

1

புக்கிட் ரம்பாய் தோட்டத்தை விட்டு நடக்க ஆரம்பித்து நெடுந்தூரம் வந்த பிறகும் கங்காணி சைக்கிளில் என் பின்னால் வந்துகொண்டிருந்தார். திட்டுவதற்கு அவரிடம் இன்னும் மிச்சம் இருந்தது.

“உங்கப்பன் பனை ஏறினவன்தானடா? அவன் மவனுக்குக் கள்ளு ஊத்திக் குடுக்கக் கை கூசுதோ?”

“அப்பா இறக்கினது பதனீர், கங்காணியாரே. கள்ளு இல்ல.”

“ரெண்டும் ஒரே மரத்துலதான்டா வடியுது!”

அது உண்மை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதனீர். தடவாமல் கட்டினால் பொழுது ஏறுவதற்குள் கள். எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, சிவந்த தேரிமணல் பக்கம். என் அப்பாவுக்கு எழுத்து தெரியாது. பிறர் வாசிக்கக் கேட்டுத்தான் வேதம் படித்தார். ஆனால் சுண்ணாம்பு தடவாத கலயத்தை அவர் ஒருநாளும் பாளையில் கட்டியதில்லை. அவருடைய கிறிஸ்தவம் பெரும்பாலும் அந்தச் சுண்ணாம்பில் இருந்தது. மிஷன் பள்ளியை ஐந்தாம் வகுப்பில் பாதியிலேயே விட்டுவிட்டுக் கொழும்பு, பினாங்கு, ஈப்போ என்று சுற்றிய எனக்கு அவர் கொடுத்தனுப்பிய சொத்தும் அதுதான்.

ரப்பர்த் தோட்டங்களில் கூலிக்காரர்களுக்கென்று கள்ளுக்கடை இருக்கும். எங்கள் தோட்டத்துக் கடையில் என்னை நிறுத்தக் கங்காணி விரும்பினார். வெயில் இல்லை, மழை இல்லை, அட்டைக்கடி இல்லை. “நீ குடிக்காதவன். அதனாலதான் உன்னைக் கூப்பிடறேன். குடிக்கிறவனை அங்க நிறுத்தினா பீப்பாய்க்கு அடி தெரிஞ்சிடும்” என்றார். அவர் பக்கம் அது நியாயமான பேச்சுதான். மாட்டேன் என்றேன். மாட்டேன் என்றவனுக்குத் தோட்டத்தில் இடம் இல்லை என்றார். அதுவும் சரி என்று மூட்டையைக் கட்டினேன்: ஒரு சாரம், ஒரு போர்வை, முன்பக்கத்தைக் கறையான் தின்ற ஒரு வேதப்புத்தகம்.

சாலை வளைவில் கங்காணி சைக்கிளை நிறுத்தினார். கோபம் தணிந்து, கிண்டல் வந்துவிட்டது.

“போடா, போ. மலாக்கா டவுன்ல உனக்கு மாமனா மச்சானா? உன் சாமி சோறு போடுதான்னு பாத்துட்டு வா. நாளைக்கு இருட்டற வரைக்கும் அந்த எடத்துக்கு ஆள் போட மாட்டேன். பசிச்சா வந்து ஊத்து.”

நல்ல மனிதர்தான். அதனால்தான் அந்தப் பேச்சு என்னோடு கூடவே நடந்து வந்தது.

2

பத்து வருடத்துக்கு முந்தைய இந்த நடையை இப்போது எழுதக் காரணம் என் மகள் எஸ்தர்.

மலாயா சுதந்திரம் வாங்கி, மலேசியா என்று பெயரும் மாறி, நான் இன்னும் மலாக்காவில்தான் இருக்கிறேன். என்னை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஊரை மாற்றும் பழக்கம் போய்விட்டது. வேலையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். இப்போது மீன் லாரி ஓட்டுகிறேன். குடியிருப்பது காஜா பேராங்கில் ஒரு வாடகை வீடு.

சென்ற வாரம் மாலை ஜெபத்தில், வழக்கம்போல, “ஆண்டவரே, எங்கள் இருதயம் அனலாய் இருக்கட்டும்” என்று வேண்டினேன். ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. விசுவாசத்தில் குளிர்ந்து போனவன், வெதுவெதுப்பானவன், அனலாய் இருக்கிறவன் என்று நம் சபைகளில் ஆட்களைச் சூடு பார்த்துத்தான் பிரிப்போம். எஸ்தர் ‘க்ளுக்’ என்று சிரித்துவிட்டாள். அவள் அம்மா தொடையில் கிள்ளினாள்.

ஆமென் சொன்னபின், “எதுக்குடி சிரிச்ச?” என்று கேட்டேன்.

“இல்லப்பா… ஏன் சாமிகிட்ட கோபம் வேணும்னு கேக்குறீங்க?”

“கோபத்தை யார் கேட்டா?”

“நீங்கதானே! இருதயம்னா ஹாத்தி. அனல்னா பானாஸ். பானாஸ் ஹாத்தின்னா கோபம்லா, அப்பா.”

இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் நுழைந்ததும் உள்ளே போய் மலாய் ஆகிவிடுகிறது. நாக்குக்கு வரும்போது பாதி ஆங்கிலமாகிறது. மகன் தானியேல் அதைவிட மோசம். ஆங்கிலத்தில் ஜெபிக்கிறான், விரைவு ரயில் சின்ன ஸ்டேஷனைக் கடப்பதுபோல. ஞாயிறு மாலை பந்தாட்டம் இருந்தால் ரயில் இன்னும் வேகம். அவன் அம்மா இதை நினைத்துக் கலங்குகிறாள். நான் அவ்வளவு கலங்குவதில்லை.

அன்று நான் எஸ்தரைத் திட்டவில்லை. அவளைவிடச் சத்தமாகச் சிரித்தேன். அவள் எட்டு வயதில் தெரிந்து வைத்திருக்கிற இந்த விஷயம் எனக்கு இருபத்தெட்டு வயதில் தெரியாது. தெரியாததால்தான் நான் இந்த ஊரில் நிலைத்தேன்.

3

கடலோரச் சாலையாக வந்து, மலாக்கா டவுனின் விளிம்பில் தெங்கேராவுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மரக்கடையில் கேட்டேன், ஐஸ் பாக்டரியில் கேட்டேன், ஒரு சீனன் கடையில் கேட்டேன். எல்லோரிடமும் ஒரே பதில்: “மெர்டேக்கா வரட்டும், பார்க்கலாம்.” சுதந்திரத்துக்குச் சில வாரங்களே இருந்தன. கலியாணம், கடன், கூரை மாற்றுவது, எல்லாவற்றுக்கும் ஜனங்கள் அதைத் தவணையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வயிற்றுக்கு அந்தத் தவணை சரிப்படாது. முந்தின நாள் மாலைக்குப் பிறகு தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை.

காஜா பேராங்கில் ஒரு சந்துக்குள் திரும்பினேன். ஒரு வீட்டு நிலைப்படியில் மாவிலை கட்டியிருந்தது. உள்ளே இருந்து சாம்பிராணி வாசனை. தமிழ் வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒரு விசித்திரம்: கதவு சாத்தியிருந்தது; வீட்டார் எல்லோரும், குழந்தை குட்டிகளோடு, வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். பெண்கள் மலாய்க்காரிகளைப் போலச் சாரமும் கெபாயாச் சட்டையும் உடுத்தியிருந்தார்கள். நெற்றியில் விபூதி.

முன்னால் நின்ற பெண்மணியிடம், “அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றேன்.

“அக்கா” மட்டும் புரிந்து முகம் மலர்ந்தது. மற்றதற்கு, “ஆபா?” என்றாள். மலாயில் ‘என்ன’ என்று அர்த்தம்.

மலாக்காச் செட்டிகளை நான் அதுவரை பார்த்ததில்லை. சாமி நம்மூர்ச் சாமி, பெயர் நம்மூர்ப் பெயர், பேச்சு மட்டும் தலைமுறை தலைமுறையாக மலாய். நான் சந்தைகளில் பொறுக்கிய அரைகுறை மலாயை எடுத்துப் போட்டேன். இனி வரும் பேச்செல்லாம் அந்த மலாயில் நடந்தது, தமிழாக்கித் தருகிறேன்.

“ஏன் எல்லாரும் வெளிய நிக்கிறீங்க?”

“உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க” என்றாள்.

“யாரு?”

“என் மாமனார், மாமியார், அவங்க அப்பா, அவங்க அம்மா…”

“அவ்வளவு பேருக்கும் இடம் போதுமா?”

“போதும். செத்துப் போனவங்கதானே.”

பழங்கள் கனியும் காலத்தில் முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கிற நாள் அது. பார்ச்சு என்பார்கள். படைத்துவிட்டு, முன்னோர் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று வெளியே வந்துவிடுகிறார்கள்.

அந்த வீட்டுக்காரர் கோவிந்தன் பிள்ளை, கனத்த உடம்புக்காரர். அவர் குதிகாலில் தார் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டேன். ஊர் சுற்றுகிறவனுக்கு முகத்தைவிடக் காலைப் பார்க்கத் தெரியும்.

“ரோட்டு வேலைங்களா?”

“மண்டோர்” என்றார். மேஸ்திரியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். “மெர்டேக்காவுக்குள்ள ரோடெல்லாம் கறுப்பா மினுங்கணுமாம். மினுங்கும்! தார்ப் பீப்பாய்க்குத் தீ போட ஒரு ஆள் நிக்க மாட்டேங்கிறான். அந்தச் சூட்டுல ஒரு வார்த்தை அதிகமாச் சொன்னாப் போதும், கோவிச்சுக்கிட்டுப் போயிடறான். முந்தாநாள் ஒருத்தன் எரியற தீயை அப்படியே விட்டுட்டுப் போயிட்டான். பீப்பாய் பொங்கி, ரோடு தவிர எல்லாம் கறுப்பாச்சு.”

“அந்த வேலையை எனக்குத் தர்றீங்களா?”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “முதல்ல உள்ள வந்து சாப்பிடு. என் வீட்டு வாசல்ல பசியோட நிக்கிறவன்கிட்ட நான் வேலை பேசறதில்ல.”

பெயர் கேட்டார். சகாயம் என்றேன். மலாயில் ‘சாயா’ என்றால் நான் என்று பொருள்.

“நீதான், தெரியுது. பேரு என்ன?”

“சகாயம்.”

“சரி, சரி” என்று விட்டுவிட்டார்.

4

கதவைத் தட்டிவிட்டு, உள்ளே இருக்கிறவர்களுக்கு நேரம் கொடுத்து, பிறகு திறந்தார்கள். வரிசையாக இலைகள். பொரித்த மீன், இறால், தேங்காய்ப்பால் சோறு, மங்குஸ்தான், ரம்புத்தான், பிளந்து வைத்த டுரியான். ஓர் இலையை இழுத்து என் முன்னால் வைத்தாள் அக்கா. அவள் பெயர் மீனாட்சி. அவர்கள் வாயில் மினாச்சி.

எனக்கு வாயில் நீர் ஊறியது. அதை மறைக்க வேண்டியதில்லை. சாப்பிட்டால் வேலை. சாப்பிடாவிட்டால் நாளை இருட்டும்போது கள்ளுக்கடை. ஆனால் படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ஊரில் கோயில் கொடை நாட்களில் பக்கத்து வீட்டிலிருந்து தட்டு வரும். அம்மா கும்பிட்டு, வாங்காமல் திருப்பியனுப்புவாள், மறுநாள் அதே வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்புவாள். சண்டை கிடையாது, எல்லை உண்டு. அதே அம்மாவின் பிள்ளை கடல் தாண்டி வந்தால் எல்லை அழிந்துவிடுமா?

“என்னால சாப்பிட முடியாது, அக்கா.”

“ஏன்? உடம்பு சரியில்லையா?”

“நான் கிறிஸ்தவன்.”

“செராணியா?” என்று மண்டோர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிடில் வாசிப்புக்குப் பேர்போன போர்த்துகீசிய வழிக் கிறிஸ்தவர்களை இங்கே அப்படிச் சொல்வார்கள். “இவ்வளவு கறுப்பா ஒரு செராணியா? எங்கடா உன் பிடில்?”

வீடே சிரித்தது.

“செராணிங்க நம்ம வீட்டுக்கு வருவாங்க, நல்லா சாப்பிடுவாங்க, இன்னொரு டுரியானும் கேப்பாங்க. உனக்கு என்ன வந்தது?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவமதிக்கவில்லை என்று அவர்களுக்குப் புரிய வைக்க வேண்டும். என் விசுவாசத்தையும் சொல்ல வேண்டும். கையிலிருப்பதோ சந்தை மலாய். நம் சபைச் சொல்லை அப்படியே மலாயில் தூக்கி வைத்தேன். நெஞ்சைத் தொட்டு, “என் ஹாத்தி துஹானோடு பானாஸ்” என்றேன். என் இருதயம் ஆண்டவருக்காக அனலாயிருக்கிறது என்பது என் எண்ணம்.

சிரிப்பு நின்றது. மீனாட்சி அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“சாமியோட கோபமா?” என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது எனக்குப் புரியவில்லை. என் சாட்சி அவர்களைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அக்கா இறங்கிய குரலில் கேட்டாள்: “அப்படி என்ன செஞ்சாரு அவர் உன்னை?”

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதைத்தானே ஒருவர் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்! “நிறைய செஞ்சாரு, அக்கா! ஊரை விட்டு வெளிய கொண்டுவந்தாரு. கடல்ல காய்ச்சல் வந்து கிடந்தேன், அதையும் அவர்தான் பாத்தாரு. ஈப்போவுல சுரங்கம் சரிஞ்சுது, அப்பவும் கூட இருந்தாரு. இன்னைக்குக் காலையில தோட்டத்துல வேலையை விட வச்சாரு. பசியோட இவ்வளவு தூரம் நடக்க வச்சு இங்க கொண்டுவந்து விட்டுட்டாரு!”

“பாவம்” என்றாள் அக்கா.

“அடேயப்பா” என்றார் மண்டோர். “எனக்கா இருந்தா சண்டையே போட்டிருப்பேன். இவன் சிரிச்சுக்கிட்டே சொல்றான் பாரு.”

பிறகு, “இவ்வளவு கோ—” என்று ஏதோ தொடங்கி, “பசி வேற. அவர் பாத்துக்கிட்டும் இல்ல. ஆனாலும் அவர் பேச்சைத் தட்ட மாட்டியா?” என்று கேட்டார்.

“மாட்டேன்.”

“ஒரு வாய்கூட?”

“ஒரு வாய்கூட. மன்னிச்சுக்கணும்.”

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டாள். பானையின் அடியில் இருந்த வெறும் சோறு, புதிதாகப் பொரித்த முட்டை, ஊறுகாய்.

“இது யாருக்கும் படைக்கல. பானையில இருந்தது. உனக்கு மட்டும் தனி இலை. எங்க வீட்டுல உயிரோட தனி இலை வாங்கின முதல் முப்பாட்டன் நீதான்.”

நான் கண்ணை மூடி ஜெபித்தேன். நீண்ட ஜெபம், கொடுத்ததற்கு நன்றி சொல்லவும், அந்த வீட்டாரை ஒவ்வொருவராக ஆசீர்வதிக்கும்படி கேட்கவும் நேரம் பிடித்தது. கண்ணைத் திறந்தால் அடுப்படியில் யாரும் இல்லை. கூடத்திலும் இல்லை. வீடே காலி. சாப்பிட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். வீட்டார் எல்லோரும் மறுபடியும் வாசலில், கதவைச் சாத்திக்கொண்டு.

“ஏன் வெளிய வந்துட்டீங்க?”

“நீ கண்ணை மூடி அவரைக் கூப்பிட்டியே” என்றாள் அக்கா. “நாங்க நின்னா அவருக்குக் கூச்சமா இருக்காதா? சாப்பிட்டாரா?”

“சாப்பிட்டாரு, அக்கா” என்றேன். இது சரியான இறையியலா என்று பிற்பாடு எங்கள் போதகரிடம் கேட்டேன். அவர், “தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல” என்றார்.

படுக்க ஒரு பாய் கொடுத்தார் மண்டோர். “காலையில தெங்கேரா ரோட்டுக்கு வா” என்றார். வேலை உண்டா என்று கேட்டேன். “வா, பாக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

5

சொல் என் காலை வாரிவிட்ட கதை அதோடு முடியவில்லை. குடியுரிமைக்குப் போனபோது அதிகாரி மலாயில் கேள்வி கேட்டார். மணமானவனா என்றார். ஆயிற்று, தாலி கட்டியாயிற்று என்றேன். மலாயில் ‘தாலி’ என்றால் கயிறு. “எதைக் கட்டினாய், ஆட்டையா?” என்றார். பக்கத்து மேசைக்காரருக்கும் எழுந்துபோய்ச் சொன்னார். மதம் என்ன என்று கேட்டு, பதிலை நம்பாமல் இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தார். தமிழன் என்றால் இந்து, கிறிஸ்தவன் என்றால் வெள்ளைக்காரனோ செராணியோ, இதுதான் அவர்கள் கணக்கு. நான் எந்தக் கணக்கிலும் வராதவன். அதனால் இங்கே என் விசுவாசத்தை நானேதான் ஒவ்வொரு தடவையும் வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரில் என்றால் கோயில் மணி எனக்காகச் சொல்லிவிடும்.

இது ஒரு கஷ்டம் என்று முன்பு நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறுதிப்பட்டது. என் பிள்ளைகளும் ஒருநாள் இப்படி வாய்திறக்க வேண்டிவரும். எந்த மொழியில் திறப்பார்களோ எனக்குத் தெரியாது, தப்பாகவும் சொல்வார்கள். சொல்லட்டும். அவர்கள் அப்பன் ஆண்டவரைப் பற்றி இந்த ஊரில் சொன்ன முதல் வாக்கியமே தப்பானதுதான்.

6

காலையில் தெங்கேரா ரோட்டோரம் தார்ப் பீப்பாய் கல்லடுப்பின் மேல் இருந்தது. ரப்பர் மரக் கட்டைகள் குவிந்து கிடந்தன. காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் காத்திருந்தார்கள். ஜல்லி சுமக்கிற தமிழ்ப் பெண்கள் என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். அவர்களில் பாக்கியம் என்பவள் நேராக வந்து கேட்டாள்:

“அண்ணே, சாமியோட சண்டையாமே உங்களுக்கு? மண்டோர் சொன்னாரு.”

“சண்டையா? யார் சொன்னது? நான் அனலா இருக்கேன்னுதானே சொன்னேன். ஹாத்தி பானாஸ்.”

அவள் தலைக்கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். “ஐயையோ! பானாஸ் ஹாத்தின்னா கோபம்லா, அண்ணே! சாமி மேல கோபம்னு சொல்லிட்டு அவங்க வீட்டுச் சோத்தை வேற சாப்பிட்டீங்களாக்கும்!”

முந்தின மாலை முழுவதும் ஒரு நொடியில் எனக்குத் தலைகீழாகத் திரும்பியது. அந்தப் ‘பாவம்’ என்ற சொல், அந்தப் பார்வைகள், கேட்காமல் விட்ட கேள்வி. ஒரு வேலைக்காகக்கூட, என் ஆண்டவரோடு கோபித்துக்கொண்டவன் என்ற பெயரோடு அந்தத் தீயின் முன்னால் நிற்க என்னால் முடியவில்லை. மண்டோரிடம் போனேன்.

“நேத்து சொன்னது தப்பு. எனக்கு அவர்மேல கோபம் இல்ல. சாயாங்.” அன்பு என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மலாய்ச் சொல் அது, தாய்மார் பிள்ளைகளைக் கொஞ்சும்போது சொல்வது.

மண்டோர் முகம் சுருங்கியது. “கோபம் இல்லையா? நான் வேற மாதிரி நெனச்சு உன்னை வரச் சொன்னேன். சொந்த சாமி மேலயே அவ்வளவு கோபம் இருந்தும் அவர் பேச்சைத் தட்டாதவன், நான் ரெண்டு வார்த்தை திட்டினாலும் தீயை விட்டுட்டுப் போகமாட்டான்னு. அப்ப அந்தக் காய்ச்சல், சுரங்கம், பசி, அதெல்லாம்?”

“அது அவர் எனக்குச் செஞ்ச நன்மை. காப்பாத்தினதைச் சொன்னேன்.”

அவர் ஆட்களைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் மனசுக்குள் போட்ட கணக்கு கலைந்து, மறுபடி கூடுகிறவரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.

“என் வீட்டுக்காரி என்ன சொன்னா தெரியுமா? ‘பாவம், கோபம்னா என்னைக்காவது தீரும், தீர்ந்ததும் வந்து நம்மகூட உக்காந்து சாப்பிடுவான்’னு சொன்னா. இது தீராது போல இருக்கே?”

“தீராது” என்றேன்.

“ஞாயிற்றுக்கிழமை?”

“கோயிலுக்குப் போகணும்.”

“அன்னைக்கு கவர்மெண்டே தூங்குது, போ” என்றார். பிறகு காலால் ஒரு கட்டையை என் பக்கம் தள்ளினார். “கொழுந்து விட்டு எரியவும் கூடாது, அணையவும் கூடாது. சாயங்காலம் வரைக்கும் ஒரே சூடு. பொங்கினா உன் தோலை உரிச்சிடுவேன்.”

அன்று இருட்டும்வரை புக்கிட் ரம்பாயில் எனக்காக ஓர் இடம் காலியாக இருந்திருக்கும். நான் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, தார்ப் பீப்பாய்க்குத் தீ போடுகிற வேலையில் சேர்ந்தேன்.